முடிக்கு வயது ஒன்று

அலாரம் அடிப்பதற்கு முன்பே விழித்துவிடுவேன். அது அடிக்கும்வரை காத்திருந்து அணைப்பேன்.

அரிசி களைவேன். முட்டை வேகவைப்பேன். தண்ணீர் பாட்டிலைக் கழுவுவேன். பள்ளிச் சீருடையைத் தேய்ப்பேன். பிறகு இளமதியை எழுப்புவேன்.

இளமதி என் மகள். தொடக்கநிலை ஒன்றில், அதாவது முதல் வகுப்பில், படிக்கிறாள்.

நாற்காலியில் உட்காரவைத்து இரட்டைச் சடை பின்னுவேன். யூடியூபில் கற்றது. இடது சடை எப்போதும் வலதைவிட ஒரு விரல் மேலே நிற்கும். அவள் எதுவும் சொல்ல மாட்டாள். அவள் அம்மா இருந்தபோது நிறையப் பேசுவாள்.

மின்தூக்கியில் கீழே இறங்குவோம். தேக்கா சந்தைக்கு மீன் லாரிகள் வந்துகொண்டிருக்கும். பள்ளிப் பேருந்து வரும். ஏறுவாள். கை காட்டுவாள். நானும் காட்டுவேன்.

மேலே வந்து துணி துவைப்பேன்.

அன்றும் அப்படித்தான்... கைபேசி அடிக்கும்வரை.

சாமுண்டீஸ்வரி. என் வக்கீல்.

"ஆதவன், உட்கார்ந்திருக்கீங்களா?"

"இல்ல மேடம். துணி காயப்போடுறேன்."

"அப்ப அந்தத் துணிக்கம்ப ஜன்னலுக்கு உள்ள இழுத்துட்டு வந்து உட்காருங்க. ரிசல்ட் வந்துடுச்சு."

நான் உட்காரவில்லை.

"சொல்லுங்க."

"பாசிட்டிவ்."

மூங்கில் கம்பின் நுனியில் இளமதியின் காலுறை ஒன்று காற்றில் ஆடியது. இன்னொன்று இன்னும் வாளியில் இருந்தது.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"மார்ஃபின். உங்க தலைமுடியில மார்ஃபின். நான் உங்க வக்கீல். என்கிட்ட மட்டும் பொய் சொல்லக் கூடாது. எடுத்தீங்களா?"

"இல்ல."

"உங்க மச்சினன் ரகுபதி ரிசல்ட் சுத்தம். கங்கையில முக்கி எடுத்த மாதிரி சுத்தம்."

நான் இன்னொரு காலுறையையும் எடுத்துக் கம்பில் மாட்டினேன்.

*

நடந்தது இதுதான்.

என் மனைவி அனிதா தீபாவளிக்கு முன்னால் இறந்துபோனாள். கணையத்தில் புற்று. கடைசி நாளில்தான் ஆஸ்பத்திரி. அதுவரை ஒரு வருடம் வீட்டில் வைத்துப் பார்த்தோம். வலிக்கு மார்ஃபின் சிரப். தாதி வாராவாரம் பாட்டில் கொண்டுவருவார். ஊற்றிக் கொடுப்பது நான்.

அவள் போன சில வாரங்களில் அவளுடைய அம்மாவும் தம்பியும் குடும்ப நீதிமன்றத்துக்குப் போனார்கள். பிள்ளை தங்களிடம் வளர வேண்டும் என்றார்கள். நான் தஞ்சாவூரிலிருந்து இந்த நாட்டுக்கு வேலைக்கு வந்தவன். ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று என் மாமியாருக்குப் பயம். அதில் எனக்குக் கோபமில்லை.

ரகுபதி ஒருபடி மேலே போனான். மிஞ்சிய மார்ஃபினை நான் குடிப்பதாக எழுதிக் கொடுத்தான். கேட்டால் பதில் சொல்வதில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கண்ணில் உயிர் இல்லை என்றெல்லாம் எழுதியிருந்தான்.

மார்ஃபினைத் தவிர மற்றதெல்லாம் உண்மை.

நீதிபதி ஒரு பெண்மணி. யோசித்துவிட்டு, இருவரும் முடி கொடுங்கள் என்றார். ஒருவரைச் சோதிக்கச் சொல்லி வந்தால் இரண்டு பேரையும் சோதிப்பது அவர் வழக்கமாம். ரகுபதி அதை எதிர்பார்க்கவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான்.

ஒரே நாள் காலையில் இரண்டு பேரையும், ரகுபதி தரப்பு சொன்ன ஒரு தனியார் லேபுக்கு வரச் சொன்னார்கள். வினுஷா என்ற பெண் எடுத்தாள். பின்னந்தலையில் ஒரு கொத்து. அலுமினியத் தாளில் மடித்து, உறையில் போட்டு, ஒட்டி, கையெழுத்து வாங்கினாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. யாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பதில்லை என்பதால் அது பெரிதாகத் தெரியவில்லை.

இப்போது, பாசிட்டிவ்.

அன்று மதியமே சமூகநல அதிகாரி இளமதியைப் பள்ளியிலிருந்து பூன் லேயில் இருக்கும் அவள் பாட்டி வீட்டுக்கு அழைத்துப் போனார். வழியில் துணி வாங்க எங்கள் வீட்டுக்கு வந்தவர், தற்காலிக ஏற்பாடு என்றார். நான் சீருடைகளை மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தேன். பல் துலக்கியை மறந்துவிட்டேன். கீழே ஓடிப்போய் அதையும் கொடுத்தேன்.

மறுநாள் காலையிலும் அலாரத்துக்கு முன்பே விழித்தேன். முட்டை வேகவைத்தேன். இரண்டு.

*

சாமுண்டீஸ்வரியின் அலுவலகம் தஞ்சோங் பகாரில், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. மேசையில் கோப்புகளைவிடக் கறிபஃப் பைகள் அதிகம். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். இதுவரை மூன்று வழக்குகளில்தான் தோற்றிருப்பதாகவும் அந்த மூன்று கட்சிக்காரர்களும் தன்னிடம் பொய் சொன்னவர்கள் என்றும் சொல்வார்.

அங்கே இன்னொருவரும் இருந்தார். அர்ஃபான். முப்பது வருடம் ஆய்வுக்கூடங்களில் இரத்தமும் முடியும் பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு வக்கீல்களுக்கு ஆலோசனை சொல்கிறார்.

ரிப்போர்ட்டை அவர் இரண்டு முறை படித்தார். நான் ஒரு முறைகூடப் படித்திருக்கவில்லை.

அவரிடம் ஒன்றுதான் கேட்டேன். ஒரு வருடம் அந்தப் பாட்டிலைத் தொட்டிருக்கிறேன். அவள் தலையணையில்தான் இன்னும் படுக்கிறேன். உறையைத் துவைக்கவில்லை. அதிலிருந்து ஒட்டியிருக்குமா?

அர்ஃபான் கண்ணாடியைக் கழற்றினார்.

ஒட்டும் என்றார். வியர்வையில் வரும், கையில் வரும். நம் கறுப்பு முடி வெள்ளைக்காரர் முடியைவிட அதிகமாகப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதுவே பெரிய சண்டை, அதற்காகத் தானே கோர்ட்டில் வாதாடியிருப்பதாகச் சொன்னார். முடிச்சோதனை என்றால் கடவுள் வாக்கு என்று நினைக்கும் நீதிபதிகளை அவருக்குப் பிடிக்காது.

"ஆனா தம்பி, இது அந்தக் கேஸ் இல்ல. இது மேல ஒட்டினது இல்ல. ரத்தம் வழியா முடிக்குள்ள போனது. இந்த முடிக்காரர் குடிச்சிருக்காரு. விடாம, ஒரு வருஷமா."

"ஒரு வருஷமா?"

"முடி மாசத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். வேர்ப் பக்கம் இந்த மாசம், நுனிப் பக்கம் பழைய மாசம். உங்க முடி பன்னெண்டு சென்டிமீட்டர். பன்னெண்டு துண்டா வெட்டிப் பார்த்திருக்காங்க. ஒண்ணுகூடத் தப்பல."

நான் தலையைத் தொட்டுப் பார்த்தேன்.

இறந்த பிறகு கண்ணாடி பார்ப்பது குறைந்துவிட்டது. அவள்தான் இறந்தாள். சில நேரம் எனக்கு மாறிப்போகிறது.

"அப்ப அது என் முடி இல்ல," என்றேன்.

சாமுண்டீஸ்வரி கறிபஃபைக் கீழே வைத்தார்.

"டெஸ்டுக்கு அப்புறம் முடி வெட்டிட்டீங்கன்னு அவங்க சொல்லுவாங்க, ஆதவன். இப்ப உங்க முடி கட்டையா இருக்கிறது ஆதாரமே இல்ல."

"சொல்லட்டும். என் தலையில இருக்கிற எந்த முடிக்கும் ஒரு வயசு ஆகல. எங்களுக்குப் பையன் இல்ல. அனிதாவுக்குக் கொள்ளி வச்சது நான். மண்டாய் மயானத்துக்குப் போறதுக்கு முன்னாடி, எங்க அடுக்குமாடி புளோக்குக்குக் கீழயே மொட்டை போட்டாங்க."

சாமுண்டீஸ்வரி நோட்டை இழுத்து அதைக் குறித்துக்கொண்டார்.

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கல."

"மொட்டை போட்டீங்களான்னு எந்த வக்கீல் கேப்பா லா?"

அர்ஃபான் மெதுவாகச் சிரித்தார். "எந்திரம் பொய் சொல்லல தம்பி. அது அளந்தது சரி. ஆனா உறைக்குள்ள இருக்கிறது யாரு தலைன்னு எந்திரத்துக்குத் தெரியாது. பேர் எழுதுறது மனுஷன்தானே?"

"ரகுபதி முடி எப்படி இருக்கும்?" என்று கேட்டார் சாமுண்டீஸ்வரி.

"குதிரைவால்," என்றேன்.

இரண்டு உறைகள். ஒரே பெண். ஒரே காலை. பெயர்கள் இடம் மாறியிருக்கின்றன. என் முடியால் அவன் சுத்தமானான். அவன் முடியால் நான் போதைக்காரன் ஆனேன். சோதனை முடிந்ததும் முடியைக் கரைத்துவிடுகிறார்கள். எடுத்துப் பார்க்க மிச்சம் எதுவும் இல்லை.

"ஆனா இவ்வளவு பண்ணவன், நீங்க மொட்டை போட்டத எப்படி மறந்தான்?"

"மறக்கல மேடம். அவனுக்குத் தெரியாது. அவன் சாவுக்கு வரல."

எங்கள் வழக்கப்படி, இறந்தவள் மேல் போர்த்தப் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புடவை வர வேண்டும். கோடி என்பார்கள். உடன்பிறந்தவன் கையால் போட வேண்டும். ரகுபதி ஜகார்த்தாவில் மாட்டிக்கொண்டதாகச் சொன்னார்கள். என் மாமியாரே கோடி போட்டார். சாவு வீட்டில் யாரும் படம் எடுப்பதில்லை. அவன் என்னைப் பார்த்தது மாதங்கள் கழித்து, நீதிமன்றத்தில். அப்போது என் தலை, கட்டையாக வெட்டிக்கொள்ளும் யாருடைய தலையைப் போலவும் இருந்தது.

"அக்கா சாவுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போயிருந்தான்னா மாட்டியிருக்க மாட்டான்," என்றார் சாமுண்டீஸ்வரி. கறிபஃபை மறுபடி எடுத்தார். "ரெண்டு பேருக்கும் மறுபடி டெஸ்ட் எடுக்கணும்னு இன்னைக்கே கடிதம் போடுறேன். ஆள் அசையுறானா பார்ப்போம்."

*

அசைந்தான்.

பதில் ஒரு வாரத்தில் வந்தது. என் மாமியார் விசாலாட்சி உறுதிமொழி கொடுத்திருந்தார். மருமகன் மொட்டை போடவில்லை, எங்கள் சடங்கு எதையும் மதிக்கவில்லை, நான் அங்கே இருந்து பார்த்தேன் என்று அதில் இருந்தது. கீழே அவருடைய கையெழுத்து.

ரகுபதியும் ஒன்று கொடுத்திருந்தான். அக்கா கடைசியாகத் தனக்குத்தான் போன் செய்தாள் என்றும், அவள் கடைசியாகச் சொன்ன வார்த்தை, 'பாப்பாவ இவர்கிட்ட விடாத' என்பதுதான் என்றும்.

அதை மட்டும் நானே படித்தேன்.

அவள் இறந்தபோது நான் அறையில் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கீழே, இளமதிக்குக் குடிக்க மைலோ வாங்க வரிசையில் நின்றேன். மேலே வந்தபோது முடிந்திருந்தது. அவள் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்ல எனக்கு எந்த வழியும் இல்லை.

சொல்லியிருக்கலாம். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறவனிடம் யார் பிள்ளையை விடுவார்கள்?

சாமுண்டீஸ்வரி ஆள் தேடினார். மொட்டை போட்டவர் இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார். எதிர்வீட்டு ஆன்ட்டிக்கு நான் 'போத்தாக்' ஆக, மொட்டைத் தலையாக, இருந்தது நன்றாக நினைவிருந்தது. ஆனால் அது இந்த வருடமா போன வருடமா என்று சொல்லத் தெரியவில்லை. அலுவலகத்தில் மாதக்கணக்காக என் முகத்தையே யாரும் பார்த்ததில்லை. வீட்டிலிருந்து வேலை. கேமரா எப்போதும் அணைத்திருக்கும்.

என் முடியை வெளிநாட்டு லேபுக்கு அனுப்பினோம். பதில் வர வாரங்கள் ஆகும். விசாரணை திங்கட்கிழமை.

"பெத்த மக பொணத்துப் பக்கத்துல நின்னு பார்த்தத ஒரு அம்மா பொய்யா சொல்லுவாளான்னு கேப்பாங்க," என்றார் சாமுண்டீஸ்வரி. "என்ன பதில் சொல்றது, நீங்களே சொல்லுங்க?"



*

சனிக்கிழமை பூன் லேக்குப் போனேன். ஒரு மணி நேரம் பார்க்க அனுமதி.

ரகுபதிதான் கதவைத் திறந்தான். குதிரைவால். மூக்கைச் சொறிந்துகொண்டே இருந்தான். இருட்டான வாசலில் நின்றும் அவன் கண்மணி கடுகு அளவுதான் இருந்தது. மார்ஃபின் குடித்தால் கண்மணி அப்படிச் சுருங்கும் என்று தாதி சொல்லியிருக்கிறார்.

"வாங்க மாமா. சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"கோபமில்லையே? பாப்பா நல்லதுக்குத்தான மாமா எல்லாம்."

சிகரெட் பிடிக்கக் கீழே போனான்.

இளமதி தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். பாட்டி பின்னிய சடை இரண்டும் சமமாக இருந்தன. பள்ளி எப்படி என்று கேட்டேன். நல்லா இருக்கு என்றாள். பேருந்தில் போகிறாயா என்று கேட்டேன்.

"இல்லப்பா. மாமா கார்ல." பச்சை பென்சிலைத் தேடி எடுத்தாள். "மாமா கார்லயே தூங்குவாங்க."

"வீட்டுக்கு வந்த பிறகா?"

"இல்ல, ரோட்ல. சிவப்பு லைட்ல தூங்கிட்டாங்க. பச்சை வந்துச்சு. எல்லாரும் ஹார்ன் அடிச்சாங்க. நான்தான் எழுப்பினேன். ரெண்டு தடவ."

சமையலறை வாசலில் என் மாமியார் டீயோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

"அத்தை," என்றேன். "நான் மொட்டை போட்டேன்ல?"

அவர் என் தலையைப் பார்த்தார். பிறகு பேத்தியைப் பார்த்தார்.

"டீ ஆறுது, மாப்பிள்ளை."

மணி ஆனதும் கிளம்பினேன். இளமதி கை காட்டினாள். நானும் காட்டினேன். ரயிலில் ஏறிய பிறகுதான் புரிந்தது... லேப் பதில் வரும்வரை தினமும் இரண்டு முறை அவள் அந்தக் காரில் ஏறுவாள்.

*

திங்கட்கிழமை. நீதிமன்ற அறை சிறியது. ஜன்னல் இல்லை.

ரகுபதி உள்ளே வந்தான்.

சாமுண்டீஸ்வரியின் பேனா நின்றது.

மொட்டை. பளபளவென்று, சந்தனம் பூசி!

இனி அவன் தலையில் எடுக்க எதுவும் இல்லை. நீதிபதி காரணம் கேட்டார். அக்காவுக்காக வேண்டுதல், காத்தோங் கோயிலில் போட்டேன் என்றான். குரல் தழுதழுத்தது. நன்றாகவே செய்தான்.

சாமுண்டீஸ்வரி எழுந்தார். தலைமுடி இல்லாவிட்டால் கை முடி, கால் முடி, எதிலும் சோதிக்கலாம் என்று அர்ஃபான் எழுதிக் கொடுத்திருந்தார். அதைச் சொல்ல வாயெடுத்தவர், ரகுபதியின் கையைப் பார்த்தார். அரைக்கைச் சட்டை. முழங்கையிலிருந்து விரல்வரை வழுவழுவென்று இருந்தது.

"மிஸ்டர் ரகுபதி, சாமி தலைமுடியத்தான் கேக்கும். கை முடிய எந்தச் சாமி கேட்டுச்சு?"

மொழிபெயர்ப்பாளர் சிரிக்காமல் அதை ஆங்கிலத்தில் சொன்னார். நீதிபதி எதையோ குறித்துக்கொண்டார்.

எதிர்த்தரப்பு வக்கீல் நிதானமானவர். முடி எடுப்பது குற்றமில்லை என்றார். அறிக்கை தெளிவாக இருக்கிறது என்றார். மொட்டைக் கதையை மறுத்து இறந்தவரின் தாயே உறுதிமொழி கொடுத்திருக்கிறார் என்றார். அவரையே கேட்கலாம் என்றார்.

என் மாமியார் எழுந்து போனார். வெள்ளைப் புடவை. சத்தியம் செய்தார். உறுதிமொழியை மொழிபெயர்ப்பாளர் தமிழில் படித்துக் காட்டினார்.

"கையெழுத்து உங்களுதுதானே?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"கையெழுத்து என்னோடது. எழுதினது நான் இல்ல."

"அம்மா," என்றான் ரகுபதி. "பார்த்துப் பேசுங்க."

அவர் மகன் பக்கம் திரும்பினார்.

"பார்த்தத்தான்டா பேசப் போறேன். பார்த்தவ நான். நீ எங்க இருந்த?"

நீதிபதி ரகுபதியை அமைதியாக இருக்கச் சொன்னார். சாமுண்டீஸ்வரி முன்னால் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க மக இறந்த அன்னைக்கு மாப்பிள்ளை மொட்டை போட்டாரா, அம்மா?"

"போட்டாரு."

"நல்லா நினைவிருக்கா?"

"போட்டவர் கத்தி இவர் காதுக்குப் பின்னால பட்டுடுச்சு. ரத்தம் வழிஞ்சுது. இவர் அதத் தொடக்கூட இல்ல. பொம்ம மாதிரி உட்கார்ந்திருந்தாரு. என் முந்தானையாலதான் தொடச்சேன். மக பொணம் அங்க, மருமகன் ரத்தம் இங்க. எவ மறப்பா?"

சாமுண்டீஸ்வரி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் காதுக்குப் பின்னால் முடியை விலக்கிக் காட்டினேன். அங்கே தழும்பு இருப்பது எனக்கே தெரியாது. இருந்தது.

என் மாமியார் உட்காரவில்லை.

"இன்னொண்ணும் எழுதிக்குங்க. அவன் ஜகார்த்தாவுல இல்ல. இங்கதான் இருந்தான். சாவுக்கு வராதன்னு சொன்னது நான்."

"ஏன்?" என்றார் நீதிபதி.

"ஒரு வருஷம் என் மக வலி வலின்னு கத்தினா. தாதி மருந்தக் கூட்டிக் கூட்டிக் குடுத்தாங்க. வலி நிக்கல. கடைசி வாரத்துல அந்த மருந்த என் நாக்குல வச்சுப் பார்த்தேன்." முந்தானையால் வாயைத் துடைத்தார். "சீனித்தண்ணி."

மொழிபெயர்ப்பாளர் அதையும் ஆங்கிலத்தில் சொன்னார்.

"அக்காவப் பார்க்க வரேன்னு வந்து வந்து உட்கார்ந்தவன் இவன். அந்தக் கையால அவளுக்குக் கோடி போடக் கூடாதுன்னு சொன்னேன். அப்புறம் கால்ல விழுந்தான். விட்டுட்டேன்மான்னு சத்தியம் பண்ணான். பேத்தியும் ஊருக்குப் போயிடுவான்னு பயம் காட்டினான். நீட்டின இடத்துல கையெழுத்துப் போட்டேன். சனிக்கிழமதான் தெரிஞ்சுது... பிள்ளைய வச்சுக்கிட்டு ரோட்டுல தூங்குறான்."

கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அந்தப் பாட்டிலை ஒரு வருடம் ஊற்றிக் கொடுத்தது நான். அவள் ஒவ்வொரு முறையும் வாங்கிக் குடித்தாள்.

ரகுபதி எழுந்தான். அம்மாவுக்கு மனநிலை சரியில்லை என்றான். பிறகு கதவைப் பார்த்தான். கதவுக்கு முன்னால் நீதிமன்றக் காவலர் நின்றிருந்தார்.

நீதிபதி அதிகம் பேசவில்லை. அந்த அறிக்கையை ஏற்க முடியாது என்றார். பிள்ளை இன்று மாலையே தகப்பனிடம் திரும்ப வேண்டும் என்றார். பாட்டி எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்றார். மற்றதைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்றார்.

போலீஸ் வினுஷாவைத் தேடி அதிக தூரம் போகவில்லை. ரகுபதியின் தலையில் சவரக் கத்தி வைத்தது காத்தோங் கோயிலில் யாரும் இல்லை. அவள்தான். அவளுடைய குளியலறையில். காதல் என்று வாக்குமூலத்தில் சொன்னாளாம்.

"கை முடியும் நீதான் எடுத்தியான்னு கேட்டிருக்காங்க," என்றார் சாமுண்டீஸ்வரி பிறகு. "அழுதுட்டாளாம். கால் வரைக்கும் எடுத்தாளாம், பாவம்."

*

அன்று தீர்ப்பு முடிந்ததும், வெளியே நடைபாதையில் என் மாமியார் தனியாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரே வருடத்தில் மகளையும் மகனையும் கொடுத்துவிட்டவர்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊருக்குப் போக மாட்டேன் என்றேன். தலையாட்டினார். இளமதியை வெள்ளிக்கிழமைகளில் கொண்டுவந்து விடுகிறேன், சடை பின்னச் சொல்லிக்கொடுங்கள் என்றேன். அதற்கும் தலையாட்டினார்.

"அத்தை."

"ம்."

"அனிதா ரகுவுக்கு போன் பண்ணாளா? கடைசியா?"

"போன் எங்க பண்ணா? கைய தூக்கக்கூட முடியல."

"அப்ப... எதுவும் சொல்லலையா?"

அவர் முந்தானை நுனியை விரலில் சுற்றினார். அவிழ்த்தார். மறுபடி சுற்றினார்.

"நீங்க மைலோ வாங்கக் கீழ போயிருந்தீங்க. கண்ணத் தொறந்தா. அவர் எங்கன்னு கேட்டா. கீழன்னேன். நல்லதாப் போச்சு, கிட்ட வாங்கன்னா. அத உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் மாப்பிள்ளை, இத்தன மாசம்..."

"சொல்லுங்க."

அவர் என் தலையைப் பார்த்தார். உதடு கோணியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"உங்கள அன்னைக்கு நான் தடுத்திருக்கணும். அவ அதத்தான் கேட்டா. வாய் வரல எனக்கு."

"அத்தை, என்ன சொன்னா?"

"'அம்மா, இவர் மொட்டை போடுறேன்னு நிப்பாரு, விட்டுடாதீங்க. அந்த மண்டையப் பார்த்தா நான் பெட்டியிலேர்ந்து எழுந்து ஓடிருவேன்'னா."